வீடு விற்கும் முன் தரகரிடம் கேட்டவை

ரொறன்ரோவிலிருந்து அக்கா அழைக்கும்போது முதலில் அங்குள்ள குளிரைப் பற்றிச் சொல்வாள். பின்னர் பேரப்பிள்ளைகளைப் பற்றி. மூன்றாவதாகத்தான் விடயத்துக்கு வருவாள். சில மாதங்களுக்கு முன்னர் வந்த அழைப்பில் குளிரும் இல்லை, பேரப்பிள்ளைகளும் இல்லை.

"தம்பி, சம்பூர்க் காணியை விப்பம் எண்டு யோசிக்கிறன். ஒரு புரோக்கர் பெடியன் கதைச்சவன். நல்ல விலை சொல்லுறான். நீ ஒருக்காப் போய்ப் பேசு. பேப்பர்க்காரன்தானே, கேள்வி கேக்கத் தெரியும்."

அத்தான் வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. வீட்டுக் கடனின் வட்டி ஏறிவிட்டது. அக்காவின் நிலையில் யார் இருந்தாலும் இதைத்தான் யோசிப்பார்கள். "ஏன் விற்கிறாய்?" என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. சரி, போய்ப் பார்க்கிறேன் என்றேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எப்படியாவது அந்த விற்பனையைத் தடுத்துவிட வேண்டும் என்ற எண்ணத்துடனேயே நான் கொழும்பில் இரவு பஸ் ஏறினேன்.

சம்பூரை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். திருகோணமலை நகரக் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால் கொட்டியாரக் குடாவின் மறுகரை தெரியும். அந்தக் கரையில், மூதூருக்குக் கிழக்கே இருக்கிறது எங்கள் ஊர். வயல், சேனை, மாடு, கடல் நான்கும் ஒரே ஊரில் வாய்த்த இடம். ஊருக்கு நடுவே பத்திரகாளி அம்மன். 1990இல் ஒரு தடவை ஊர் ஓடியது. 2006 ஏப்ரலில் குண்டு விழுந்து மறுபடியும் ஓடியது. அவ்வாண்டு செப்டெம்பரில் இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியபோது ஊரில் சனம் இல்லை. வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, இறுதியில் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் தகரக் கொட்டில்களுக்குள் ஒடுங்கினார்கள். இதே 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம் மக்களும் கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர நேர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2007இல் அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பின்னர் வலயம் சுருங்கியது, சம்பூர் திறக்கவில்லை. இந்திய அனல் மின்நிலையம் வருகிறது என்றார்கள். 2012இல் பாரிய கைத்தொழில் வலயம் என்று இன்னொரு வர்த்தமானி வந்தது. 2015 மே மாதம் புதிய சனாதிபதி 818 ஏக்கர் தொடர்பான அந்த அறிவித்தலை நீக்கினார். முதலீட்டுக் கம்பனி உயர் நீதிமன்றம் போனதால் அதுவும் சில வாரங்கள் தடைப்பட்டது. ஓகஸ்டில்தான் சனம் உள்ளே போனது. கடற்படை முகாம் இருந்த நிலத்துக்காரர்கள் 2016 வரை காத்திருந்தார்கள். நிலக்கரி மின்நிலையத் திட்டம் 2016 செப்டெம்பரில் கைவிடப்பட்டது.

ஒன்பது வருடம் தகரத்துக்குக் கீழிருந்து மீட்ட ஊர். அதில் ஒரு துண்டை விற்கும் பேச்சு நடத்தத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் அம்மா மீட்பைப் பார்க்கவில்லை. 2011இல் கிளிவெட்டி முகாமில் கண்ணை மூடினார்.

தரகரை மூதூரில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தேன். எங்கள் ஊர்களில் தரகர் என்பவர் பலகை மாட்டிக் கந்தோர் வைத்திருப்பவர் அல்லர். ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு தொலைபேசி, நாலு ஊர் அறிமுகம். இவ்வளவும் இருந்தால் தரகர். இவருக்கு இருபத்தெட்டு வயது. சம்பூர்ப் பிள்ளைதான். ஊர் இடம்பெயர்ந்தபோது ஒன்பது வயது, திரும்பியபோது பதினெட்டு. என்னை "மாமா" என்று அழைத்தார். அந்த உறவுமுறையைக் கேட்டதும் பாதிக் கேள்விகளை விட்டுவிடும் சோதனை வந்தது. உறவுமுறைக்கு மயங்கிக் கேள்வியை விழுங்கிய பல பேட்டிகள் என் நினைவுக்கு வந்தன. குறிப்புப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

முதலில் கேட்டது: "தம்பி, நீங்கள் எங்களுடைய தரகரா, வாங்குபவருடைய தரகரா?"

கொஞ்சம் திகைத்தார். ரெண்டு பக்கமும்தான் என்றார். இரு பக்கமும் கூலி வாங்குபவர் விலையை ஏற்றவும் மாட்டார், இறக்கவும் மாட்டார். விற்பனை முடிவதுதான் அவருக்கு முக்கியம். அது குற்றமன்று. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு பேசுவது வேறு, தெரியாமல் பேசுவது வேறு. தரகு எவ்வளவு என்று கேட்டேன். விற்பவரிடம் நூற்றுக்கு மூன்று என்றார். பொதுவாக இலங்கையில் நடைமுறையில் உள்ளதும் அதுதான். எப்போது கொடுப்பது? முற்பணம் கைமாறும்போதே பாதி வேண்டும் என்றார். உறுதி எழுதிக் கையெழுத்தாகும் நாளில் முழுவதும் தருகிறோம், அதற்கு முன் ஒன்றுமில்லை என்றேன். இன்னொன்றும் கேட்டேன். "உங்களுக்குக் கைக்கு இவ்வளவு வந்தால் போதும், மேலே வருவது எனக்கு" என்று சொல்லும் வழக்கம் ஒன்று தரகர்களிடம் உண்டு. சொந்தக்காரருக்கு நாற்பது என்று சொல்லி வாங்குபவரிடம் ஐம்பது வாங்குவது. அப்படி ஏதும் உண்டா? சிரித்தார். "உங்களிட்ட மறைக்கேலுமா மாமா?" அது பதில் இல்லை என்பதையும் குறித்துக்கொண்டேன். இதற்கு மருந்து ஒன்றுதான்: வாங்குபவரை நேரில் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

ஆகவே அடுத்த கேள்வி, வாங்குபவர் யார் என்பது. கொழும்பில் ஒரு கம்பனிக்காரர் என்றார். உறுதியில் எந்தப் பெயர் வரும்? தெரியாது. ஏன் இந்தக் காணி? "சோலார் வருது மாமா, இனி விலை ஏறும்." 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமரும் எங்கள் சனாதிபதியும் கொழும்பிலிருந்தே 120 மெகாவாட் சம்பூர் சூரிய மின்நிலையத்துக்கு ஆரம்ப நிகழ்வு நடத்தினார்கள் அல்லவா, அதைச் சொல்கிறார். நிலக்கரி வருகிறது என்ற காலத்திலும் இதே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். ஒரு திட்டம் வரும் என்ற செய்திக்கும் பக்கத்து வளவின் விலைக்கும் என்ன தொடர்பு என்பதைச் செய்தி எழுதியவனாகிய எனக்கே சொல்லத் தெரியாது. ஆதலால் வேறு விதமாகக் கேட்டேன்: "கடந்த இரண்டு வருடத்தில் இந்தத் தெருவில் விற்ற காணி எது? என்ன விலைக்கு உறுதி எழுதினது?" விளம்பரத்தில் போடும் விலை ஆசை, உறுதியில் விழுந்த விலைதான் விலை. ஒரு காணியைச் சொன்னார். அதன் சொந்தக்காரரை எனக்குத் தெரியும். மாலையில் போய்க் கேட்டேன். தரகர் சொன்னதைவிடக் குறைவாகவே வாங்கியிருந்தார்.

உறுதியில் எழுதும் விலை பற்றிய கேள்வியை நான் எல்லோரிடமும் வலியுறுத்துவேன். மாகாணத்துக்குச் செலுத்தும் முத்திரைத் தீர்வை, முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு மூன்றும் மீதிக்கு நூற்றுக்கு நான்குமாகக் கணிக்கப்படுகிறது. அதைக் கட்டுவது வாங்குபவர். நாற்பது இலட்சத்துக்கு விற்கும் காணிக்கு 1,59,000 ரூபா. உறுதியில் பதினைந்து இலட்சம் என்று எழுதினால் 59,000 ரூபா. வாங்குபவருக்கு ஒரு இலட்சம் இலாபம். விற்பவருக்கு? இருபத்தைந்து இலட்சத்துக்கு எழுத்தில் ஆதாரமில்லை. மீதிப் பணம் வராவிட்டால் நீதிமன்றத்தில் காட்ட ஒன்றுமில்லை. பணத்தைக் கனடாவுக்கு அனுப்பப் போனால் வங்கி உறுதியைப் பார்க்கும். அதில் பதினைந்துதான் இருக்கும். "எல்லாரும் அப்பிடித்தான் மாமா எழுதுறவை" என்றார் தம்பி. எல்லோரும் செய்கிறார்கள் என்பதுதான் எனது தொழிலில் நான் கேட்ட மிகப் பழைய சமாதானம்.

மூலதன இலாப வரியும் இங்கே வருகிறது. 2018 ஏப்ரல் முதல் அது மீண்டும் நடைமுறையில் உள்ளது. 2017 செப்டெம்பர் 30க்கு முன்னரே கையிலிருந்த சொத்தாயின் அன்றைய சந்தைப் பெறுமதியே கணக்கின் தொடக்கம். தான் குடியிருந்த வீட்டை விற்பவருக்கு விலக்கு உண்டு. ஆனால் விற்பதற்கு முந்திய மூன்று வருடம் சொந்தமாக வைத்திருந்து, அதில் இரண்டு வருடமாவது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். குண்டுக்குப் பயந்து ஓடியவர்களும் கடல் கடந்தவர்களும் அந்த இரண்டு வருடத்தை எங்கிருந்து காட்டுவது?

முற்பணத்துக்கு வருவோம். "அட்வான்ஸ் வாங்கி ஒரு துண்டில் எழுதுவம்" என்பதுதான் வழமை. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி விற்பனை மாத்திரமன்று, விற்பதாகச் செய்யும் உடன்பாடும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும். கடைத் துண்டு நிற்காது. எவ்வளவு முற்பணம், மீதி எந்தத் திகதிக்குள், தவறினால் முற்பணம் யாருக்கு, அதுவரை காணிக்குள் வாங்குபவர் வேலி போடலாமா கூடாதா; நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசைத் தெரிவு செய்வது பெரும்பாலும் பணம் கொடுக்கும் வாங்குபவர்தான். அவர் எழுதட்டும். ஆனால் எழுதியதை எங்களுக்கு வேண்டிய ஒரு சட்டத்தரணி வாசித்த பிறகே கையெழுத்து.

கனடாவில் இருப்பவர் எப்படிக் கையெழுத்திடுவது? தம்பியிடம் பதில் தயாராக இருந்தது. "அக்கா எனக்கு ஒரு அற்றோணித் தத்துவம் அனுப்பினால் எல்லா அலுவலும் நானே பாப்பன்." புலம்பெயர்ந்த வாசகர்கள் இந்த இடத்தை இரண்டு முறை வாசிக்கவும். விற்றுக் கூலி பெறுபவரின் கையில் விற்கும் அதிகாரத்தைக் கொடுப்பது, ஆட்டைக் கசாப்புக்காரனிடம் மேய்க்க விடுவது போன்றது. நம்பிக்கையான உறவினர் ஒருவருக்குக் கொடுங்கள். அதிலும் பொதுத் தத்துவம் வேண்டாம். இன்ன காணி, இன்ன எல்லை, இன்ன விலைக்குக் குறையாமல், இந்த ஒரு கருமத்துக்கு மட்டும் என்று எழுதிய விசேட தத்துவம் போதும்.

இவ்வளவையும் பேசி முடிய வெயில் ஏறிவிட்டது. காணியைப் பார்ப்போம் என்றேன். தம்பியின் பின்னால் மோட்டார் சைக்கிளில் இருந்து போனேன்.

எங்கள் வளவு ஒரு ஏக்கர். 1988இல் அக்காவின் கலியாணத்தின்போது வீட்டோடு சேர்த்து அம்மா அவளுக்கு நன்கொடை உறுதி எழுதினார். கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அப்பாவும் அம்மாவும் சாகும்வரை அனுபவிக்கச் சீவிய உரித்தை வைத்துக்கொண்டார்கள். அக்கா 1994இல் கனடா போனாள். அப்பா 1996இல் காலமானார். அந்த வீடு இப்போது இல்லை. 2015இல் திரும்பியபோது பெரும்பாலானோர் கண்டது போலவே, நாங்களும் வெறும் தரையையும் பற்றையையும்தான் கண்டோம். எது யாருடைய வளவு என்று சனம் கிணறுகளை வைத்துத்தான் எல்லை கண்டுபிடித்தது. எங்கள் கிணறு இடிபாடுகளால் நிரம்பியிருந்தது. அடுத்த வருடம் பக்கத்து வளவுக்காரர்கள் இறங்கித் தூர்வாரினார்கள்.

"இப்ப காணியில் யாராவது இருக்கினமா?" என்று தேநீர்க் கடையிலேயே கேட்டிருந்தேன். ஒருவருமில்லை என்றார் தம்பி. போய்ப் பார்த்தால் பின்வளவில் கத்தரியும் மிளகாயும் காய்த்து நின்றன. பக்கத்து வளவு அம்மா வாளியோடு எங்கள் கிணற்றடியில் நின்றார். கணவனை இழந்தவர். கிணறு இறைத்தவர்களில் அவருடைய மகனும் ஒருவன். அந்த நன்றிக்கு, பின்வளவில் பயிர் வையுங்கள் என்று நான்தான் வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தேன். மறந்துவிட்டேன். தம்பிக்கும் அது தெரியும். "அவ சும்மா மாமா, சொன்னா போயிடுவா" என்றார்.

சொன்னால் போய்விடுவார்தான். ஒன்பது வருடம் முகாமில் இருந்தவருக்குப் போகச் சொல்லிப் பழக்கம் உண்டு. பத்து வருடம் தடையின்றி, உரித்தாளரின் உரிமையை ஏற்காமல் ஆண்டவருக்கு ஆட்சி உரித்து உண்டாகலாம் என்பது 1871ஆம் ஆண்டின் சட்டம். அனுமதியுடன் இருப்பவருக்கு அது பொருந்தாது. அவர் அதைக் கேட்கவும் மாட்டார். ஆனால் "காணியில் யார் இருக்கிறார்கள்" என்ற கேள்விக்குச் சட்டத்துக்கு அப்பாலும் ஒரு பதில் இருக்கிறது. அது தரகரின் பட்டியலில் இல்லை, அன்றுவரை என்னுடையதிலும் இல்லை.

யாருக்கு விற்பது என்ற பேச்சும் ஊரில் அன்றே எழுந்துவிட்டது. மாலையில் கோயிலடியில் இருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "வெளியாருக்குக் குடுத்திராதையும்." வெளியார் என்றால் யார் என்று கேட்டேன். ஆளுக்கொரு விளக்கம். அப்படியானால் நீங்கள் வாங்குகிறீர்களா என்று கேட்டேன். தலையைக் குனிந்தார்கள். காசு இல்லை. அவர்களுடைய பயத்தை நான் பரிகசிக்கவில்லை; இரண்டு வர்த்தமானிகளில் ஊரை இழந்தவர்களின் பயம் அது. ஆயினும் வீட்டுக் கடனுக்கு வட்டி கட்டும் ஒருத்தியிடம் ஊரின் பாரத்தை முழுவதுமாக ஏற்றிவிட்டு நாங்கள் கோயிலடியில் காற்று வாங்குவது நியாயமா என்றும் தோன்றியது. எனக்குந்தான் அந்தக் கேள்வி. நான் கொழும்பில் வீடு கட்டியவன்.

மறுநாள் திருகோணமலைக் காணிப் பதிவகத்துக்குப் போனேன். முகாமுக்கு ஓடியபோது உறுதி தொலைந்திருந்தது. உறுதி தொலைந்தால் காணி தொலைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது சட்டம். உறுதி இலக்கமோ, எழுதியவர் பெயரோ, பதிவுத் தோம்பின் பக்கமோ தெரிந்தால் சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். வில்லங்கம் உண்டா, ஈடு வைத்ததுண்டா என்பதையும் அதே தோம்பில் பார்க்கலாம். தரகரிடம் கேட்க வேண்டிய கேள்விகளுள் முதன்மையானது இதுவே: "நீங்கள் விற்கப்போகும் காணியின் பத்திரத்தைக் கண்ணால் பார்த்தீர்களா?" தம்பி பார்க்கவில்லை. நான் பார்த்ததும் அன்றுதான்.

1988ஆம் ஆண்டின் உறுதியில் இருந்தது இரண்டு றூட். அதாவது அரை ஏக்கர். தெருவோரமாக வீடு இருந்த பகுதி மட்டும்.

மற்ற அரை ஏக்கர் எங்கே? அங்கிருந்து மூதூர் பிரதேச செயலகத்துக்குப் போனேன். பின்வளவு உறுதிக் காணியே அல்ல. அப்பாவுக்குக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அரச காணி. இடையில் வேலி இல்லாததால் சிறுவயது முதல் ஒரே வளவு என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அனுமதிப்பத்திரக் காணியை விற்க முடியாது. அளிப்புப் பத்திரமாக மாறிய பின்னரும் பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. மாற்றினால் அந்த உறுதி செல்லாது. ஒரு ஏக்கர் என்று முற்பணம் வாங்கியிருந்தால், அக்கா அரசாங்கத்தின் அரை ஏக்கரை விற்றவளாகியிருப்பாள். வாங்கியவர் வழக்குப் போட, ரொறன்ரோவிலிருந்து அவள் மூதூர் நீதிமன்றத்துக்கு வர வேண்டியிருந்திருக்கும்.

அலுவலர் பொறுமையாகக் கோப்பைப் புரட்டினார். அப்பா பின்னுரிமையாளரை நியமிக்கவில்லை. அம்மா இருக்கும்வரை அம்மாவுக்கு. அம்மாவுக்குப் பிறகு? "உங்கட அம்மா செத்தது 2011 அல்லவா. 2022இல் சட்டத்தைத் திருத்தும்வரை அட்டவணையில் ஆண்பிள்ளைக்குத்தான் முதலிடம். விண்ணப்பம் போட்டுப் பாருங்க. முடிவை விசாரணையிலதான் சொல்லலாம்."

ஆண்பிள்ளை நான்.

வெளியே வந்து வாசல் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். இரண்டு நாளாக ஊரெல்லாம் கேள்வி கேட்டுத் திரிந்தவன், விற்பனையைத் தடுக்க ஒரு காரணம் கிடைக்காதா என்று தேடியவன். காரணம் கிடைத்துவிட்டது, அது எனக்கு இலாபமாகக் கிடைத்தது. இதை நான் தேடிப்போனேனா? இல்லை. ஆனால் அக்கா அப்படி நினைக்கமாட்டாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? சகோதரர்கள் காணியால் முகம் பாராமல் போன கதைகளை எத்தனை தரம் எழுதியிருக்கிறேன்.

அன்றிரவே அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் மெலிதாக்கவில்லை. இன்னொன்றையும் சொன்னேன். அக்கா கனேடியப் பிரசை. இரட்டைப் பிரசாவுரிமை எடுக்கவில்லை. வெளிநாட்டுப் பிரசை தன்னிடம் இருக்கும் காணியை இங்கே விற்கலாம். ஆனால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணியைக் கைமாற்ற முடியாது. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவருக்கும், உரித்தாக வரும் காணிக்கும் விலக்குண்டு. அதாவது, இன்று விற்றால், நாளை மனம் மாறி அதே தெருவில் ஒரு பேர்ச் வாங்க நினைத்தாலும் அவளுடைய இன்றைய நிலையில் முடியாது. "தம்பி, விற்ற பிறகு இவர்கள் மீண்டும் வாங்கலாமா?" என்ற கேள்வியைப் புலம்பெயர்ந்தவர்கள் எந்தத் தரகரிடமும் கேட்பதில்லை. தரகர்களும் சொல்வதில்லை.

மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு கேட்டாள்:

"கிணறு எந்தப் பக்கம் வருது?"

"பின்வளவில."

"அப்ப வீடு எனக்கு, கிணறு உனக்கு."

"வீடு இல்லையே அக்கா."

"ஓம். வீடும் இல்லை." சிரித்தாள் என்று நினைக்கிறேன். "கிணறில்லாத வளவை ஆர் வாங்குவான்?"

அவள் கோபிக்கவில்லை. ஆனால் கோபித்திருந்தால் பேச்சு எளிதாக முடிந்திருக்கும். கடன் எவ்வளவு என்று முதன்முறையாகக் கேட்டேன். சொன்னாள். அதுதான் நான் தொடக்கத்திலேயே, தரகரிடமல்ல, அவளிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. என்னால் எவ்வளவு அனுப்ப முடியும் என்பதைச் சொன்னேன். போதாது, ஆனால் ஒரு வருடத்துக்கு மூச்சு விடலாம். தை மாதம் வருகிறேன், அதுவரை யாரிடமும் முற்பணம் வாங்க வேண்டாம் என்றாள். பின்வளவுக்கு நான் விண்ணப்பம் போடுகிறேன் என்றும், அது என் பெயருக்கு வந்தாலும் கிணறும் அதற்குப் போகும் பாதையும் இருவருக்கும் பொது என்று எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். அரச காணியில் அப்படி எழுத முடியுமா என்பதை இனித்தான் கேட்க வேண்டும். கத்தரிச் செடிகளைப் பற்றியும் சொன்னேன். "அவ இருக்கட்டும்" என்றாள்.

அக்கா நாளை விற்கத்தான் வேண்டும் என்றால் நான் தடுக்கமாட்டேன். முன்வளவு அவளுடையது. வாங்குபவரை நேரில் பார்த்து, முழு விலையையும் உறுதியில் எழுதி, அம்மாவின் மரணச் சான்றிதழைக் காட்டிச் சீவிய உரித்து முடிந்ததை நிரூபித்து, நில அளவையாளரைக் கொண்டு எல்லை போட்டு விற்கலாம். ஊரில் இருந்து வாங்கக்கூடியவர்களிடம் முதலில் கேட்போம் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். யாழ்ப்பாணத்தில் தேசவழமைக் காணியாயின் பங்காளிக்கு முன்வாங்கும் உரிமையைச் சட்டமே கொடுக்கிறது. இங்கே அந்தச் சட்டம் இல்லை, கேட்டுப் பார்க்கும் பழக்கந்தான் உண்டு.

தரகருக்கும் சொல்ல வேண்டுமல்லவா. கொழும்பு திரும்பிய மறுநாள் அழைத்து, இப்போது விற்கவில்லை, பின்வளவு அரச காணி என்று சொன்னேன். வீணாய்ப் போன பெற்றோல் செலவைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"பரவாயில்லை மாமா" என்றார். "பத்திரத்தை முதல்ல சரிப் பண்ணுங்கோ. விக்கிறதுக்கு இல்லாட்டியும் அது வேணும். எங்கட வளவுக்கும் ஒண்டும் இல்லை. காணிப் பதிவகத்தில ஆரைப் போய்க் கேக்கிறது?"

காகிதத்தை எடுக்கச் சொல்லி, நான் போன வழியை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.